வெள்ளை அறையில் திறக்காத பை

நான்கு பேர் கூடியிருக்கும் இடத்தில் ஒரு கோப்பை தண்ணீர் கேட்கவும் கூச்சப்படுகிறவள் சிவமலர். சுவிட்சர்லாந்தின் ஓல்டன் நகரில் பதினாறு வருடமாக ஒரே மாடிவீட்டில் இருக்கிறாள். எதிர்வீட்டுக்காரிக்கு அவள் குரல் எப்படியிருக்கும் என்று சரியாகத் தெரியாது. அப்படிப்பட்டவள் பேராசிரியர்களின் காற்சட்டைப் பைகளை வெளியே இழுத்துப் பார்க்கிறாள். அதுதான் அவளுடைய வேலை.

ரயிலும் பஸ்ஸும் மாறி ஒன்றேகால் மணி நேரம் போனால் ஒரு ஏரி வரும். கரையிலிருந்து படகில் இருபது நிமிடத்தில் ஒரு கூழாங்கல் தீவு. அங்கே மரமில்லை, வீடில்லை, பார்க்கப் போகிறவர்களுக்கு எதுவுமே இல்லை. கோடை தொடங்கும்போது ஆலா என்ற வெள்ளைப் பறவைகள் எங்கிருந்தோ வந்து அந்த வெறுங்கல்லின்மேல் முட்டையிடும். கூடு என்று சொல்ல ஒரு சிறு குழிதான் இருக்கும். எலி ஒன்று ஏறிவிட்டால் ஒரு கிழமையில் எல்லாம் முடிந்துவிடும். எலியோ சுண்டெலியோ மரநாயோ அந்தக் கல்லில் கால் வைக்காமல் பார்த்துக்கொள்ள ஒரு சிறு அமைப்பு பதினைந்து வருடமாகப் பாடுபடுகிறது. அதன் தலைவி ஹுன்சிக்கர் அம்மையார். மெலிந்த, உயரமான, ஒரு சொல்லைக்கூட வீணாக்காத மனுஷி.

தீவுக்குப் போகிறவர்கள் படகுக் கொட்டிலுக்குள் இருக்கும் வெள்ளை அறையைத் தாண்டித்தான் போகவேண்டும். கரைப்பக்கம் ஒரு கதவு, ஏரிப்பக்கம் ஒரு கதவு. இரண்டும் ஒரே நேரத்தில் திறபடாது. தரையும் சுவரும் வெள்ளை, ஓடுகிற எதுவும் கண்ணில் படவேண்டும் என்பதற்காக. நடுவில் ஒரு இரும்பு மேசை. அதன் பின்னால் சிவமலர்.

அவள் பைகளைக் கவிழ்த்துக் கொட்டுவாள். சப்பாத்தின் அடியில் ஒட்டியிருக்கும் மண்ணைக் கொக்கியால் கிண்டி எடுப்பாள். சட்டையின் ஒட்டுப்பட்டையில் சிக்கியிருக்கும் புல்விதையை இடுக்கியால் பிடுங்குவாள். கமராத் தாங்கியின் குழாய்க் காலுக்குள் ஊதிப் பார்ப்பாள். ஒருமுறை மடித்த கூடாரத்துக்குள் உயிரோடு ஒரு சுண்டெலி இருந்தது. அவள் கத்தவில்லை. பையின் வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அது தன்னுடைய குற்றம் போல, சொந்தக்காரரை மெதுவாகப் பார்த்தாள். அன்றைக்கு ஹுன்சிக்கர் அவளுக்குக் கைகொடுத்துவிட்டு வெகுநேரம் கையை விடவில்லை.

எல்லாரையும் சந்தேகி என்பதுதான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட ஒரே பாடம். பட்டம் பெற்றவர், நரைத்தவர், சிரித்துக் கதைக்கிறவர் எல்லாரையும் சந்தேகி. பார்த்து முடிந்ததும் தாளில் பெயருக்கு நேரே தன் முதலெழுத்தைப் போடு.

ஒன்பது வருடத்தில் அவள் திறந்து பார்க்காத பை ஒன்றே ஒன்றுதான். அது தம்பித்துரை அண்ணையின் பை.

தம்பித்துரை படகோட்டி. அறுபதை நெருங்குகிறவர், பக்கத்து நகரமான ஆராவில் தனியாக இருக்கிறவர். ஓல்டன் முதியோர் இல்லத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்த சிவமலரை ஹுன்சிக்கரிடம் கூட்டிவந்து, "இவ கதைக்கமாட்டா, ஆனால் இவவின்ர கண்ணுக்கு ஒண்டும் தப்பாது" என்று தன் உடைந்த ஜெர்மனில் சொல்லி வேலை எடுத்துக்கொடுத்தவர் அவர்தான். அவள் வேலைக்கு வந்த முதல் நாளே, "என்ன பிள்ளை, என்னையும் உரிஞ்சு பாக்கப் போறியோ?" என்று பகிடியாகக் கேட்டார். அவளுக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. "ஐயோ, இல்லை அண்ணை" என்று சொல்லி, பேசாமல் முதலெழுத்தைப் போட்டுக் கதவைத் திறந்துவிட்டாள். அதற்குப் பிறகு கேட்பதற்கு வாய் வரவேயில்லை. தமையன் மாதிரி ஒருவரின் பையை எப்படிக் கவிழ்ப்பது?

இந்த வருடம் மே மாதக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை, கரையிலுள்ள மரக்கோபுரத்திலிருந்து ஹுன்சிக்கர் இறங்கி வந்தார். தொலைநோக்கியால் கூடுகளை எண்ணுவது அவருடைய திங்கட்கிழமை வேலை.

"நாற்பத்தொரு கூடு இருந்தது. இன்றைக்கு முப்பத்துநான்கு" என்றார்.

ஒரே கிழமையில் ஏழு கூடு காணாமற் போயிருந்தது.

"எலி" என்று ஹுன்சிக்கர் சொன்னார். அந்தச் சொல்லை அவர் சொன்ன விதத்தில் கொட்டிலே குளிர்ந்துபோனது. முட்டைக் காலத்தில் சனிக்கிழமை காலையில் மட்டும்தான் படகு போகும். தம்பித்துரை தனியாகப் போய் நீர்மட்டத்தைக் குறித்து, இறங்குதுறையில் ஒதுங்கும் கட்டைகளை இழுத்துப் போட்டுவிட்டு வருவார். ஆனால் ஏப்ரலில், பறவைகள் வருமுன் கல் நிரவுவதற்காகத் தொண்டர்கள் இருபது பேர் போய்வந்திருந்தார்கள். அவர்களில் யாரோ ஒருவரின் பையில்தான் எலி போயிருக்கவேண்டும் என்பது ஹுன்சிக்கரின் கணிப்பு. அவர் தாள்களை மேசையில் பரப்பி, சிவமலரின் கண்ணைப் பார்த்தார்.

"ஃப்ராவ் விஜிதரன்," என்றார். கணவன் பெயர்தான் அவளுக்கு அங்கே குடும்பப் பெயர். "எல்லாரும் உங்கள் கையைத் தாண்டித்தான் போனார்களா?"

"ஓம்" என்று தமிழில் வாயில் வந்ததை விழுங்கி, "யா" என்றாள்.

"எல்லாரும்?"

"எல்லாரும்."

ஹுன்சிக்கர் தலையாட்டினார். நம்பினாரா இல்லையா என்று அந்த முகத்தில் எழுதியிருக்கவில்லை. "பொறிகள் வந்துசேர இரண்டு கிழமை ஆகும். அந்தச் செவ்வாய் ஆறு பேரோடு இறங்கி வைக்கப் போகிறேன். இரண்டு நாள் வேலை. அந்த இரண்டு நாளும் பறவைகள் முட்டையில் உட்காராது. வெயிலில் பாதி முட்டை செத்துப்போகும். ஆனால் எலியை விட்டால் முழுவதும் போகும். உங்களுக்கு வேறு ஏதாவது ஞாபகம் வந்தால் அதற்கு முன் சொல்லுங்கள்."

அன்று பின்னேரம் சிவமலர் தாள்களின் பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பாட்டு மேசையில் விரித்தாள். நாய் வளர்க்கும் ஒரு பெண்ணின் குளிர்ச்சட்டையில் எப்போதும் மயிர். கடலை மிட்டாயைக் காலுறைக்குள் ஒளித்துவைத்த படப்பிடிப்பாளர். கூடையொன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, வெறுங்கூடை என்று சொன்ன கிழவர். ஒவ்வொரு பெயரிலும் விரலை வைத்து, அந்த முகத்தைக் கண்முன் கொண்டுவந்து, அதன் பையைத் திரும்பவும் திறந்து கொட்டிப் பார்த்தாள்.

மகள் யாதவி வேலையால் வந்து தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "என்னம்மா, பொலிஸில சேந்திட்டீங்களோ?"

"சும்மா இரு. ஆர் எலி கொண்டுபோனது எண்டு பாக்கிறன்."

யாதவி ஒரு தாளை எடுத்தாள். "இதில தம்பித்துரை மாமான்ர பேர்தானே கூடக் கிடக்குது. மார்ச்சில இருந்து ஒவ்வொரு சனியும். அவரை நீங்கள் யோசிக்கேல்லையோ?"

"அவரைப் பற்றி அப்பிடிக் கதைக்காதை."

"நான் ஒண்டும் கதைக்கேல்லை. எண்ணிக்கையைத்தான் சொன்னனான்." அவள் குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கப் போய்விட்டாள்.

சிவமலர் அந்தத் தாளை எடுத்து, சனிகளுக்கு நேரே இருந்த தன் முதலெழுத்துகளை எண்ணினாள்.

அந்தச் சனிக்கிழமை அவள் தரையைத் துடைக்கிற மாதிரிக் குனிந்துகொண்டு தம்பித்துரையைக் கவனித்தாள். நெற்றியில் திருநீறு. சனி விரதம். அட்டமத்துச் சனி தொடங்கியதிலிருந்து அவர் ஒவ்வொரு சனியும் பிடிக்கிறார் என்பது அவளுக்குத் தெரியும். மத்தியானம் ஒருநேரச் சாப்பாடு, அதற்கு முன் பச்சைத்தண்ணீர் மட்டும். ஆனால் அவரது பையில் சில்வர் சாப்பாட்டுப் பெட்டியின் வட்டம் புடைத்துத் தெரிந்தது. ஒன்பது மணிக்குப் போனார். பதினொன்றுக்குத் திரும்பி வந்தபோது அந்தப் பெட்டி பையின் வெளிப்புற வலையில், மூடி திறந்தபடி, ஏரித்தண்ணீர் சொட்டச் சொட்டத் தொங்கியது.

சுவிஸ்காரர் யார் பார்த்தாலும் ஒரு மனிதன் சாப்பிட்டுவிட்டுப் பெட்டியைக் கழுவிக்கொண்டு வருகிறான் என்றுதான் நினைப்பார்கள். விரதக்காரன் மத்தியானத்துக்கு முன்னம் சாப்பிடமாட்டான். அப்படியென்றால் சோறு எங்கே?

அவள் வெளியே வந்து கூரையைப் பார்த்தாள். இரண்டு காகங்கள் படகுக்குப் பின்னால் ஏரிப்பக்கமிருந்து வந்து, கூரை முகட்டில் இறங்கி, அலகைத் துடைத்துக்கொண்டன.

திங்கட்கிழமை ஹுன்சிக்கர் எண்ணியபோது கூடு இருபத்தைந்துதான். அந்தக் கிழமை முழுவதும் அவளுக்குள் ஒரே போராட்டம். சொன்னால் அவர் வேலை போகும். அவர் வேலை போனால், பார்க்காமல் முதலெழுத்துப் போட்ட தன் வேலையும் போகும். சொல்லாவிட்டால் செவ்வாய்க்கிழமை ஆறு பேர் இறங்கி, இல்லாத எலிக்காக இருக்கிற முட்டைகளையும் கெடுக்கப்போகிறார்கள். முன்பு முதியோர் இல்லத்தில் ஒரு கிழவர் மாத்திரைகளை விழுங்காமல் பூச்சட்டி மண்ணுக்குள் புதைப்பதை அவள் கண்டிருந்தாள். தாதியிடம் சொல்லக் கூச்சப்பட்டு நான்கு நாள் பேசாமல் இருந்தாள். ஐந்தாம் நாள் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை. அந்த நான்கு நாளை அவள் யாருக்கும் சொன்னதில்லை, கணவனுக்குக்கூட.

அடுத்த சனி, தம்பித்துரை வழமைபோல் கரைக்கதவால் வந்து, பையைத் தோளிலிருந்து இறக்காமல் ஏரிக்கதவுக்கு முன்னால் நின்றார். பூட்டுப்பொத்தான் மேசைப்பக்கத்தில், சிவமலரின் கைக்குக் கீழே. அவள் அழுத்தவில்லை.

"அண்ணை."

"என்ன பிள்ளை?"

"பையை ஒருக்கால் மேசையில வையுங்கோ."

அவர் சிரித்தார். "ஏன், உன்ர மணிக்கூடு களவு போயிட்டுதோ?"

"இல்லை. திறந்து பாக்கவேணும்."

"ஆர் சொன்னது? ஹுன்சிக்கரோ?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. எல்லாரையும் பாக்கிற மாதிரித்தான்."

"எல்லாரையும்!" சிரிப்பு போய்விட்டது. "ஒம்பது வரிசமா நான் அந்த எல்லாரில இல்லை. இண்டைக்குத்தான் சேத்தனியோ? வாயில்லாத பிள்ளை எண்டு கூட்டிக்கொண்டு வந்து விட்டன். இப்ப என்னட்டையே வாய் முளைக்குது."

சிவமலர் பொத்தானிலிருந்து கையை எடுக்கவில்லை. "அண்ணை, விரதக்காரனுக்கு ஒம்பது மணிக்குச் சோறு என்னத்துக்கு?"

அவர் பையைத் தோளிலிருந்து இறக்கினார். அதைத் தொப்பென்று மேசையில் போட்டு, பெட்டியை எடுத்துத் தானே மூடியைத் திறந்தார். வெள்ளைச் சோறு. மேலே நல்லெண்ணெயும் கறுப்பு எள்ளும்.

"பார். வடிவாப் பார். களவெடுத்த சாமானோ இது? போன வரிசம் வரை ஆராவில பல்கனியில காகத்துக்கு வைச்சனான். வீட்டு நிர்வாகம் ரண்டு கடிதம் போட்டிட்டுது. மூண்டாவது வந்தால் வீட்டை விடவேணும். காகம் எடுக்காமல் நான் வாயில ஒரு பருக்கை வைக்கேலாது. எங்க கொண்டுபோய் வைக்கச் சொல்லுறாய்?"

"தீவிலயோ அண்ணை?"

"பறவையளுக்கெண்டு விட்ட தீவுதானே? காகமும் பறவைதானே? எலி வரும் எண்டு எனக்குத் தெரியாதோ? ஒரு பருக்கை மிச்சம் விடேல்லை. அதுகள் திண்டு முடியுமட்டும் நிண்டு பாத்து, கல்லையும் கழுவிப்போட்டுத்தான் வாறனான்."

"எவ்வளவு நேரம் நிப்பியள்?"

"அரை மணி. சில நேரம் முக்கால்."

"அதுவரைக்கும் ஆலாக்கள்?"

"மேல பறந்து கத்தும். அதுகள் எப்பவும் கத்துறதுதானே."

சிவமலர் மெதுவாகக் கேட்டாள்: "ரண்டு காகமும் ஒருமிக்கத் தின்னுமோ அண்ணை?"

"ஒண்டு தின்னும். மற்றது பக்கத்திலதான் கல்லுக்க நடந்து..." அவர் நிறுத்தினார். அவருடைய கண் பெட்டிக்குப் போய், அங்கிருந்து ஏரிக்கதவுக்குப் போனது. பிறகு குரலை உயர்த்தினார். "விசர்க்கதை! நீ கண்டனியோ?"

"இல்லை. வாருங்கோ, பாப்பம்."

"நீயோ? படகெண்டாலே கண்ணைப் பொத்துவாய்."

"வாறன்."

ஒன்பது வருடம் மற்றவர்களை அனுப்பிவைத்தவள் ஒருநாளும் அந்தக் கதவால் போனதில்லை. தம்பித்துரை மேசைக்கு மறுபக்கம் போய் நின்றுகொண்டு, "அப்ப உன்ர சட்டைப் பையையும் இழு" என்றார். அவள் இழுத்தாள். ஒரு பிடி சீரகம் மேசையில் சிந்தியது.

"இது என்ன?"

"சமிபாட்டுக்கு..."

"விதை. வெளியில வை. எல்லாரையும் பாக்கிற மாதிரித்தான்."

சோற்றுப் பெட்டியும் சீரகமும் வெள்ளை அறையில் கிடக்க, இரண்டு பேரும் படகில் ஏறினார்கள். இரண்டு காகங்களும் கூரையிலிருந்து கிளம்பி, கூலிக்கு வந்தவை போல் படகின் பின்னாலேயே வந்தன. தீவு நெருங்கியதும் ஆலாக்கள் முட்டைகளை விட்டுக் கூட்டமாய் எழும்பி, தலைக்கு மேல் வந்து கத்தின. தம்பித்துரை மோட்டாரை நிறுத்தினார். படகு தானாக அசைந்துகொண்டு நின்றது.

காகங்கள் இறங்குதுறைக்குப் பக்கத்திலிருந்த தட்டைக்கல்லில் இறங்கின. தலையைச் சரித்து அவரைப் பார்த்தன. ஒன்று கல்லை அலகால் தட்டிப் பார்த்தது. மற்றது காத்திருக்கவில்லை. பழகிய தெருவில் நடக்கிற மாதிரிக் கூழாங்கற்களுக்குள் நடந்து போனது. ஆலாக்கள் எல்லாம் படகின்மேல் கண்ணாயிருந்தன. காகம் குனிந்தது. நிமிர்ந்தபோது அதன் அலகில் ஒரு முட்டை இருந்தது. அதைக் கொண்டுவந்து, அவர் கிழமைக்குக் கிழமை கழுவிவிட்டு வரும் அதே கல்லின்மேல் வைத்து உடைத்தது.

தம்பித்துரை எழும்பி நின்று, கையிலிருந்த தொப்பியை எறிந்தார். தொப்பி தண்ணீரில் விழுந்தது. படகு ஆடியது. சிவமலர் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவர் வேறெதுவும் செய்யாமல் மோட்டாரை முடுக்கிப் படகைத் திருப்பினார். அவர்கள் விலகியதும் ஆலாக்கள் தீவின்மேல் விழுந்து காகங்களைக் குத்தித் துரத்துவது தூரத்தில் தெரிந்தது.

கரைக்கு வந்து படகைக் கட்டும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "ஹுன்சிக்கரிட்ட நான் சொல்லுறன். நீ இதுக்குள்ள தலையைக் குடுக்காதை."

அவள் "ஓம்" என்றாள். ஆனால் அந்தப் பரிவே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. ஞாயிறு முழுவதும் அந்த வசனத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சொல்லுவார். எவ்வளவு சொல்லுவார்?

திங்கள் காலை ஹுன்சிக்கர் அவளைக் கூப்பிட்டார். "ஹெர் தம்பித்துரை நேற்றுத் தொலைபேசியில் பேசினார். ஒருமுறை மறந்துபோய்ச் சாப்பாடு கொண்டுபோனாராம், ஒரு காகம் வந்து ஒரு முட்டையை எடுத்ததாம். மிகவும் மனவருத்தப்பட்டார். நேர்மையான மனிதர். ஆனால் ஒரு முட்டைக்கும் பதினாறு கூட்டுக்கும் தொடர்பில்லை. நாளைக்குப் பொறி வைக்கிறோம்."

ஒருமுறை. சிவமலர் அந்தச் சொல்லைக் கேட்டபடி நின்றாள். அதில் அவளுக்கும் இடம் விட்டிருந்தார். மறந்துபோன ஒருமுறையை யாரும் தாளில் தேடமாட்டார்கள். அவளுடைய ஒன்பது வருட முதலெழுத்து அப்படியே சுத்தமாக இருக்கும். அவள் "யா" என்று சொல்லிவிட்டுத் தும்புத்தடியை எடுத்துத் தரையைக் கூட்டினால் போதும்.

அவள் தாள் கட்டை எடுத்தாள். மார்ச் மாதத்து முதல் சனியைத் தேடிப் பிடித்து, தம்பித்துரையின் பெயருக்கு நேரே இருந்த தன் முதலெழுத்தின்மேல் ஒரு கோடு போட்டாள். அடுத்த சனி. அதற்கடுத்த சனி. ஹுன்சிக்கர் எதுவும் கேட்காமல் பேனை நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். முந்தாநாள் வரை வந்ததும் அவள் நிறுத்தினாள். அந்த ஒன்றை மட்டும் அடிக்கவில்லை.

"இது மட்டும் பார்த்தேன்," என்றாள் தன்னுடைய அரைகுறை ஜெர்மனில். "மற்றது பார்க்கவில்லை. ஒருநாளும் பார்க்கவில்லை. இந்த வருடம் எல்லாச் சனியும் சோறு. காகம் பழகிவிட்டது. எலி இல்லை. நாளைக்குப் போகவேண்டாம்."

"ஒருநாளும் என்றால்?"

"ஒன்பது வருடம்."

"ஏன்?"

அதற்கு அவளிடம் ஜெர்மனில் சொல் இருக்கவில்லை. தமிழில் இருந்ததும் ஒரே சொல்தான். "அண்ணை" என்றாள்.

ஹுன்சிக்கருக்கு அது விளங்கவில்லை. அவர் கோடிட்ட தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். "நான் உங்களை நம்பியது நீங்கள் யாரையும் நம்பாததால்தான்" என்றார் கடைசியில். செவ்வாய்க்கிழமை ஆட்களுக்குத் தொலைபேசி எடுத்து வரவேண்டாமென்று சொன்னார். தீவுக்குப் படகே போகாதென்று அறிவித்தார். அவளுக்கும் தம்பித்துரைக்கும் எழுத்தில் எச்சரிக்கை வந்தது. தம்பித்துரையை மூன்று மாதம் படகிலிருந்து இறக்கி, கரையில் வேலி திருத்த விட்டார்கள்.

சோறும் படகும் இல்லாமல் காகங்கள் ஒரு பத்து நாள் கூரையில் இருந்து பார்த்தன. பிறகு வரவில்லை. முட்டை இழந்த ஆலாக்களில் பதினொன்று ஜூனில் திரும்ப இட்டன, ஐந்து இடவில்லை. வேலி திருத்துகிற மூன்று மாதமும் தம்பித்துரை சிவமலரைக் கண்டால் வேலிப்பக்கம் திரும்பிக்கொள்வார். ஓல்டன் தமிழ்க்கடையில் யாரோ அவளைப் பார்த்து, "சொந்த ஆளையே மாட்டிவிட்டவ" என்று சொன்னதும் அவள் காதுக்கு வந்தது. அவள் அரிசியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

செப்டெம்பர் முதல் சனி, கரைக்கதவு திறந்தது. தம்பித்துரை வந்தார். நெற்றியில் திருநீறு. பையை மேசையில் வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் பையைக் கவிழ்த்தாள். தண்ணீர்ப் போத்தல், கையுறை, கயிறு. புதுத் தொப்பியின் மடிப்பை விரித்துப் பார்த்தாள். சப்பாத்தைக் கழற்றச் சொன்னாள். அவர் கழற்றினார். அடியைக் கொக்கியால் கிண்டினாள். பெட்டி இல்லை. குளிர்ச்சட்டையின் உள்பையையும் தட்டிப் பார்த்தாள்.

"இன்னும் என்னை நம்பேல்லையோ?" என்று அவர் சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

"இல்லை அண்ணை" என்றாள் சிவமலர். முதலெழுத்தைப் போட்டுவிட்டு, ஏரிக்கதவைத் திறந்துவிட்டாள்.